வைஸ் சிட்டியின் மூலப்பத்திரம் யார் கையில்? ஒரு நெடுநாள் பயன்பாட்டுக் குறிப்பு

செங்கோட்டைப் பக்கம் ஒரு துண்டு நிலம் பார்க்கப் போனால் முதல் கேள்வியே மூலப்பத்திரம்தான். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால் பத்திரச் சங்கிலி திருவிதாங்கூர் காலம் வரை போகும். கிரையம் யாருக்கு ஆனது, குத்தகை யாருக்குப் போனது, வில்லங்கம் உண்டா என்று ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்க வேண்டும். (மலை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவுக்குள் போனால் நம் வில்லங்கச் சான்றுக்குக் ‘குடிக்கட’ சர்டிபிகேட் என்று பேர்.) பழைய வீடியோ கேமும் இதே கதைதான். சிடி நம் கையில் இருக்கிறது என்பதால் கேம் நமக்குச் சொந்தமில்லை. விற்கிற தளத்துக்கும் சொந்தமில்லை. சில நேரம் அதைச் செய்த கம்பெனிக்கே சொந்தமில்லை.

மலைக்கு இந்தப்புறம் அந்தப்புறம் இரண்டிலும் அதிகம் கேட்கப்படும் பழைய கேம் ஜிடிஏ வைஸ் சிட்டி என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். இதில் மூலப்பத்திரத்தில் குழப்பம் கிடையாது. செய்தது எடின்பரோவில் உள்ள ராக்ஸ்டார் நார்த், முன்பு டிஎம்ஏ டிசைன் என்ற பெயரில் இருந்த அதே ஆட்கள். வெளியிட்டது ராக்ஸ்டார் கேம்ஸ், அதற்குத் தாய்க் கம்பெனி நியூயார்க்கின் டேக்-டூ. 2002 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கும், 2003 மே மாதம் கம்ப்யூட்டருக்கும் வந்தது. நிறுவனத்துக்காகச் செய்த படைப்புக்கு அமெரிக்கச் சட்டம் வெளியான ஆண்டிலிருந்து 95 வருடப் பாதுகாப்பு தருகிறது. ஆகவே 2097 முடியும்வரை அது டேக்-டூவின் சொத்து. ‘இருபது வருஷமாச்சு, இப்போ ஃப்ரீதான்’ என்பவர்களுக்கு அந்தக் கணக்கு போதும்.

வில்லங்கம் காருக்குள் இருக்கும் ரேடியோவில்தான். எண்பதுகளின் பாட்டுகள் எல்லாம் வேறு வேறு கம்பெனிகளின் சொத்து. ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமை: மெட்டும் வரியும் ஒரு பதிப்பகத்திடம், ஒலிப்பதிவு ஒரு லேபிளிடம். இரண்டு பேரிடமும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும், பெரும்பாலும் காலக்கெடுவோடு. 2012 நவம்பரில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலிருந்து வைஸ் சிட்டி திடீரென்று இறக்கப்பட்டது இந்தச் சிக்கலில்தான். திரும்பி வந்தபோது மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ உட்படச் சில பாட்டுகள் இல்லை. முதல் காரில் ஏறியதும் ஒலிக்கும் பாட்டே அதுதான். அது இல்லாமல் ஆட்டம் ஓடும், ஆனால் பழகிய காதுக்கு முதல் நிமிடமே உறுத்தும்.

கையிலிருக்கும் பிரதி எந்த வகை என்று பார்க்க இன்ஸ்டால் ஃபோல்டருக்குள் ‘ஆடியோ’ ஃபோல்டரைத் திறந்தால் போதும். ஒவ்வொரு ரேடியோ நிலையமும் ஏடிஎஃப் என்ற வாலோடு ஒரு கோப்பாக இருக்கும். உள்ளே இருப்பது லேசாகக் குழப்பி வைத்த எம்பி3 மட்டுமே. பழைய டிஸ்க் பிரதியில் ‘பில்லி ஜீன்’ ஒலிக்கும் நிலையமான ஃபிளாஷ் எஃப்எம் கோப்பையும் ஸ்டீம் பிரதியின் கோப்பையும் அளவில் ஒப்பிட்டால் வெட்டு விழுந்தது தெரிந்துவிடும்.

அடுத்த திருப்பம் 2021. அக்டோபரில் பழைய பிரதிகளைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். நவம்பர் 11-ல் குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ் என்ற வெளி ஸ்டுடியோ அன்ரியல் எஞ்சின் என்ற கேம் கட்டும் மென்பொருளில் மாற்றிக் கட்டிய ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ வந்தது. பிழைகள் மலிந்திருந்ததால் ராக்ஸ்டாரே பொதுவில் வருத்தம் தெரிவித்து, பழையதைத் தன் சொந்தக் கடையில் சேர்த்துத் தர வேண்டியதாயிற்று. 2024 நவம்பர் அப்டேட்டுக்குப் பிறகுதான் வெளிச்சமும் வானமும் பார்க்கும்படி ஆனது. இன்று முதன்முறை ஆடுபவருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் 8 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லாத வீட்டு லேப்டாப்பில் மூச்சு வாங்கும். பழைய வைஸ் சிட்டி கேட்டது 128 எம்பி ரேமும் 915 எம்பி இடமும்தான்.

நீண்ட நாள் பயன்பாட்டில் பழைய பிரதிதான் ஜெயிக்கிறது, சில கைவேலைகளைச் செய்துவிட்டால். முதலில் டிஸ்ப்ளே செட்டிங்கில், நொடிக்கு எத்தனை படம் என்று கட்டுப்படுத்தும் ஃபிரேம் லிமிட்டரை ஆனில் வையுங்கள். அணைத்தால் காட்சி வழுவழுப்பாகும், ஆனால் கார் பின்னால் எடுக்காது. ஆட்டத்தின் இயற்பியல் கணக்கு ஃபிரேம் வேகத்தோடு பின்னப்பட்டிருப்பதே காரணம். ‘640x480 வீடியோ மோட் கிடைக்கவில்லை’ என்ற பிழை வந்தால், டாக்குமெண்ட்ஸில் ‘ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் செட் (.set) என்ற வாலோடு இருக்கும் கோப்பை மட்டும் அழித்துவிட்டு, ஆட்டத்தைத் தொடங்கும் எக்ஸி (.exe) கோப்பின் இணக்க முறையை விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். சேவ் கோப்புகளும் அதே ஃபோல்டரில்தான் இருக்கின்றன, மொத்த ஃபோல்டரையும் அழித்துவிட்டுத் தலையில் கை வைக்காதீர்கள். டாக்குமெண்ட்ஸ் ஒன்டிரைவுக்கு மாறியிருந்தால் இந்த ஃபோல்டரும் அங்கே போயிருக்கும். பிறகு சைலண்ட்பேட்ச் என்ற ரசிகர் திருத்தத்தை, எக்ஸி இருக்கும் அதே ஃபோல்டரில் பிரித்துப் போட வேண்டும். கேமின் கோப்புகள் எதையும் அது விநியோகிப்பதில்லை, திருத்தம் மட்டுமே. இதற்கு மாறாக, மொத்த நிரலையும் பின்னோக்கிப் பிரித்து எழுதியவர்கள் மீது டேக்-டூ 2021 செப்டம்பரில் கலிபோர்னியாவில் வழக்கே போட்டது. எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புரியும்.

டிஸ்கே வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று குற்றாலச் சாரல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றில் நிற்கும் ஈரத்தில் சிடி மேல் பூஞ்சை வலை பின்னும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், பெயர் எழுத ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சிடியில் தகவல் அடுக்கு லேபிள் பக்கத்து மெல்லிய பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது, ஸ்டிக்கரை உரித்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். இரண்டாவது எதிரி விண்டோஸ். அந்தக் கால டிஸ்குகளைப் பூட்டியிருந்த சேஃப்டிஸ்க் முறைக்கான டிரைவர் விண்டோஸ் 10-லிருந்து கிடையாது. டிஸ்க் புத்தம்புதிதாக இருந்தாலும் ‘சரியான சிடியைப் போடவும்’ என்றே கேட்கும். வேண்டுமென்றே வைத்த படிக்கமுடியாத செக்டர்கள் இருப்பதால் டிஸ்கின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணமாக எடுப்பதும் பாதியில் திணறும். தொண்ணூறுகளின் கேம்களில் இன்னொன்று: ஆட்டம் 32 பிட்டாக இருந்தும் இன்ஸ்டாலர் 16 பிட்டாக இருந்தால் 64 பிட் விண்டோஸ் அதைத் தொடக்கூட விடாது.

ரோட் ரேஷ் என்ற பைக் பந்தய ஆட்டம் வேறு வகை. உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நம் ஆட்கள் ஆடிய அந்த விண்டோஸ் பதிப்பு ஸ்டீமிலும் இல்லை, ஜிஓஜி என்ற இன்னொரு ஆன்லைன் கேம் கடையிலும் இல்லை. அதிலும் சவுண்ட்கார்டன் போன்ற ராக் குழுக்களின் பாட்டுகள் உண்டு, மறுபடி விற்க அவற்றுக்கெல்லாம் புது ஒப்பந்தம் வேண்டும். சொந்தக்காரர் இருக்கிறார், கடை திறக்கவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான சிக்கலைப் பார்க்க ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்’ என்ற உளவு ஆட்டத்துக்கு வர வேண்டும். 2000-ல் மோனோலித் செய்து, ஃபாக்ஸ் இன்டராக்டிவ் வெளியிட்டது. 2002-ல் இரண்டாம் பாகத்தை விவெண்டியின் கீழிருந்த சியரா வெளியிட்டது. 2003-ல் ஃபாக்ஸ் இன்டராக்டிவ் விவெண்டிக்குப் போனது. 2004-ல் மோனோலித்தை வார்னர் பிரதர்ஸ் வாங்கியது. 2008-ல் விவெண்டி கேம்ஸ் ஆக்டிவிஷனோடு சேர்ந்தது. 2019-ல் ஃபாக்ஸ் சினிமா நிறுவனம் டிஸ்னிக்கும், 2023-ல் ஆக்டிவிஷன் மைக்ரோசாஃப்டுக்கும் போயின. பழைய கேம்களை மீட்கும் நைட்டைவ் ஸ்டுடியோஸ் 2014 வாக்கில் வார்னர், ஆக்டிவிஷன், ஃபாக்ஸ் என்ற மூன்று வாசலையும் தட்டியது. எவரிடமும் உறுதியான பதில் இல்லை. அந்த ஒப்பந்தங்கள் கம்ப்யூட்டருக்கு ஏறாத காகிதக் காலத்தவை. 2025 பிப்ரவரியில் வார்னர் மோனோலித்தையே மூடிவிட்டது. ‘எங்களுடையதாக இருக்கலாம்’ என்று வழக்குப் போடும் உரிமையை மட்டும் எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பங்காளிச் சண்டையில் தரிசாகக் கிடக்கும் தென்னந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே நைட்டைவ் ஜெயித்த இடமும் உண்டு. சிஸ்டம் ஷாக் 2 செய்த லுக்கிங் கிளாஸ் 2000-ல் மூடப்பட்டபின் அதன் உரிமை ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஒதுங்கியிருந்தது. அவர்களிடம் பேசி, 2013 பிப்ரவரியில் ஜிஓஜியில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே ஆளிடம் இருந்தால் அவர் கேமே ஆடாதவராக இருந்தாலும் காரியம் நடக்கும்.

ஒரு கேமின் சங்கிலியை நாமே பிடிக்கலாம். பெட்டியின் பின்புறத்துச் சிறு எழுத்தில் பதிப்புரிமை யாருக்கு, டிரேட்மார்க் யாருக்கு என்று தனித்தனியாக இருக்கும், இரண்டும் ஒருவராகவே இருக்கவேண்டிய அவசியமில்லை. அடுத்து அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகத்தின் இலவசத் தேடலில் கேமின் பெயரைப் போட்டு, பதிவு உயிரோடு இருக்கிறதா, கடைசியாக யார் பெயருக்கு மாறியது என்று பாருங்கள். அதன்பின் ஸ்டீம் அல்லது ஜிஓஜி பக்கத்தில் ‘பப்ளிஷர்’ என்ற இடத்தில் இருக்கும் பெயர். அது குத்தகைக்காரராகவும் இருக்கலாம். மூன்றிலும் ஒரே பெயர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இந்தியச் சட்டத்தில் கைவிடப்பட்ட கேம் என்று ஒரு வகையே இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவதற்கு 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். பென் டிரைவில் ஏற்றி விற்கும் கடைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. நமக்குச் சாதகமான பிரிவு 52(1)(ஏஏ): முறையாக வாங்கியவர் தொலைந்துபோகாமலிருக்கக் காப்பு நகல் எடுக்கலாம்.

அந்த உரிமையைச் சிரமமில்லாமல் பயன்படுத்த ஏற்ற கடை ஜிஓஜி. பூட்டு இல்லாத ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தருகிறார்கள். ஆனால் வைஸ் சிட்டி அங்கே கிடையாது. ஸ்டீமில் டெஃபினிட்டிவ் எடிஷனை ரூபாயிலேயே வாங்கலாம், கடையிலிருந்து எடுத்த பின்னும் வாங்கியவர் லைப்ரரியில் பொதுவாக நிற்கும், ஆனால் கணக்கு போனால் எல்லாம் போச்சு. நெட்ஃபிளிக்ஸ் 2023 டிசம்பரில் மொபைலுக்குத் தந்ததும் சந்தா இருக்கும்வரை மட்டும் செல்லுபடியான வாடகையாகத்தான் இருந்தது. ஜிஓஜி இன்ஸ்டாலரை இறக்கும்போது எக்ஸி கோப்போடு வரும் ‘பின்’ (.bin) கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள், ஒன்று குறைந்தாலும் இன்ஸ்டால் நடுவழியில் நிற்கும். இறக்கிய அன்றே ஒருமுறை இன்ஸ்டால் செய்து பார்த்துவிட்டு, வாங்கிய மின்னஞ்சல் ரசீதை பிடிஎஃப் ஆக்கி அதே ஃபோல்டரில் போட்டு, இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து வையுங்கள்.