மொரீசியஸா, செஷெல்ஸா? சீசன் முடிந்து கிளம்பும் நீலகிரிக்காரர்களுக்கு

ஏப்ரல், மே கூட்டம் ஓய்ந்து ஜூலையில்தான் ஊட்டி, குன்னூரில் லாட்ஜ், டாக்சி நடத்துபவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்போது கடல் சூழ்ந்த சின்ன, அமைதியான நாடு ஒன்றைப் பார்க்க ஆசை என்றால் இந்த இரண்டையும் யோசிக்கலாம்.

என் ஓட்டு மொரீசியஸுக்கு. ஜூலையில் அங்கே குளிர்காலம். மலைக்குளிருக்குப் பழகிய உடம்பு வெயிலில் வாடாது. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. காவடி முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். பேச்சு மட்டும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. அங்குள்ள தமிழர்களிலும் தமிழ் பேசுபவர்கள் குறைவு. போய்ஸ் ஷெரியில் தேயிலைத் தோட்டம் உண்டு, அதை நாம் தாராளமாக விட்டுவிடலாம்.

செஷெல்ஸ் இன்னும் சின்னது. 115 தீவுகள், செலவும் அதிகம். ஆனால் பிராலின் தீவின் வலே டி மே காட்டுக்கு ஈடில்லை. அங்கே இரட்டைத் தேங்காய் மரங்கள் இயற்கையாகவே வளர்கின்றன. ஒரு காய் 15 கிலோவைத் தாண்டும். தலைநகர் விக்டோரியாவில் கோபுரத்தோடு பிள்ளையார் கோயிலும் உண்டு.

பொங்கல் விடுமுறையில்தான் போக முடியும் என்றால் செஷெல்ஸே சரி. ஜனவரி முதல் மார்ச் வரை மொரீசியஸில் புயல் அபாயம் அதிகம். செஷெல்ஸின் முக்கியத் தீவுகள் புயல் பாதைக்கு வெளியே இருக்கின்றன. அப்புறம், செஷெல்ஸுக்குக் கிளம்பும் முன் ஆன்லைனில் பயண அனுமதி வாங்கிவிடுங்கள்.