சிடாடெல் கான்ட்ராஸ்ட் பெயிண்ட்: செதில் உள்ள பொம்மைக்கு வரம், தட்டைக் கவசத்துக்குத் தலைவலி

வார்ஹேமர் 40,000 மாதிரி, குட்டிப் பொம்மைகளை வைத்து மேசையில் ஆடும் அறிபுனைப் போர் விளையாட்டுக்குப் படை சேர்க்கிறவர்களுக்குத் தெரியும்: பெட்டி வாங்குவது சுலபம், பூசி முடிப்பதுதான் மலை. பேஸ் (அடிநிறம்), வாஷ் (பள்ளத்துக்கு நிழல்), லேயர் (மேல்நிறம்), ஹைலைட் (விளிம்பு வெளிச்சம்) என்று நாலு சுற்று சுற்றினால்தான் ஒரு சிப்பாய் மேசைக்கு வருவான். அப்படி முப்பது நாற்பது பேர் வேண்டும். அந்த நாலு சுற்றையும் ஒன்றாகச் சுருக்கித் தருகிறோம் என்று, இந்த விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019 ஜூனில் இறக்கியதுதான் சிடாடெல் கான்ட்ராஸ்ட். 2022-இல் மேலும் 25 நிறங்கள் வந்தன. டப்பா 18 மில்லி. அதே கம்பெனியின் சாதாரண பேஸ், லேயர் டப்பாக்கள் 12 மில்லிதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான், விளம்பரம்தான் பாதி உண்மை. ஒரே பூச்சில் முடியும் என்பது எந்தப் பொம்மை மேல் பூசுகிறோம் என்பதைப் பொறுத்தது. வேலை குறைகிறது என்பதைவிட, பூசும்போது இருந்த வேலை பூசுவதற்கு முந்தைய கட்டத்துக்கு இடம் மாறுகிறது என்பதே சரி. அந்த முன்வேலையைச் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது கைகொடுக்காது.

டப்பாவுக்குள் இருப்பது ஒளி ஊடுருவும் அக்ரிலிக் சாயம். வாஷைவிட நிறமி அதிகம், நிறமியைச் சுமக்கும் திரவமான ஊடகமும் கனம். பூசினதும் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தங்கும். மேட்டில் மெல்லிய படலம் மட்டும் நிற்பதால் அடியில் உள்ள வெளிர் நிறம் வெளியே தெரியும். பள்ளத்தில் திரண்டது நிழலாகும். ஆக, நிழலும் வெளிச்சமும் எங்கே விழும் என்பதை முடிவு செய்வது பொம்மையின் மேடுபள்ளம். பிரஷ் பிடித்த கைக்கு அதில் பெரிய பங்கில்லை.

அதனால்தான் டைரனிட் என்ற வேற்றுலகப் பூச்சிகள், முடி, தோல் வார், கந்தல் துணி, ஆர்க் என்ற அரக்கர்களின் தசை இதெல்லாம் கான்ட்ராஸ்ட்டில் அள்ளிக்கொண்டு போகும். ஒரு டைரனிட்டின் முதுகு ஓட்டைக் கிட்டத்தில் பாருங்கள். அடுக்கடுக்காகத் தகடு, ஒவ்வொரு தகட்டிலும் நுனியை நோக்கி ஓடும் மெல்லிய கீற்று. அதில் லெவியடன் ப்ளூவை ஒரு தடவை இழுத்துவிட்டால், கீற்றுக்குள் கருநீலம் இறங்கி, விளிம்பு தானாக வெளுத்து நிற்கும். இதையே லேயர் பெயிண்ட்டால் கொண்டுவர நுனி பிரஷும் பொறுமையான மாலைப்பொழுதும் வேண்டும்.

முழுக் கவசம் அணிந்த ஸ்பேஸ் மரீன் வீரனின் கதை வேறு. தோள் கவசம் என்பது வழவழப்பான அரைக்கோளம், சுற்றிலும் உயர்ந்த விளிம்பு. பூசினதும் சாயம் வளைவில் சறுக்கி அடி விளிம்பில் குளமாகத் தேங்கும். உச்சியில் படலம் திட்டுத்திட்டாக உடையும். காய்ந்தபின் நடுவில் வெளிறிய வட்டமும் கீழே கருத்த பிறையும் மிஞ்சும். பாதி பேர் இதை நிழல் என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள், நிழல் அப்படி விழாது. தோள் கவசத்தை ஒட்டாமல் தனியாகக் குச்சியில் குத்திப் பூசி, முப்பது விநாடிக்குள் ஈரப் பிரஷ் நுனியால் அடி விளிம்பின் குளத்தை உறிஞ்சி எடுத்தால் ஓரளவு தேறும். ரைனோ மாதிரி டாங்கியின் பக்கச் சுவரில் அந்த வித்தையும் பலிக்காது. அங்கே பெயிண்ட்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷ்தான் வழி: 0.3 அல்லது 0.4 மில்லிமீட்டர் ஊசி, 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், நீர்க்க வைப்பதற்கான நிறமில்லாத கான்ட்ராஸ்ட் மீடியம் கொஞ்சம் கலந்து மெல்லிய இரண்டு மூன்று தூவல். திட்டே இல்லாமல் பட்டு மாதிரி விழும். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் டாங்கிக்குப் பழைய பேஸ் பெயிண்ட்டையே நம்பலாம்.

முன்வேலைக்கு வருவோம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. முதலில் அச்சுக்கோடு. பிளாஸ்டிக் வார்ப்பில் இரண்டு அச்சும் சேரும் இடத்தில் மயிரிழை வரப்பு ஒன்று ஓடும். சாதாரண பெயிண்ட் அதை ஓரளவு மூடிவிடும். கான்ட்ராஸ்ட்டோ அந்த வரப்பையும் ஒரு மேடாக எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கோடு போட்டுக் காட்டும். கால், கைக்குழாய், தலையுச்சி, துப்பாக்கிக் குழல் நான்கையும் கத்தியின் முதுகால் சுரண்டி, நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மூட்டு இடைவெளியை நிரப்பினால் நிரப்பின இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். சொரசொரப்பு மிஞ்சினால் சாயம் அங்கே கருப்புப் புள்ளியாகப் பிடித்துக்கொள்ளும். பொம்மை ரெசின் வார்ப்பு என்றால் சோப்பு நீரில் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பிரைமர் என்ற முதல் அடிப்பூச்சே உரியும்.

அடுத்தது பிரைமர். கான்ட்ராஸ்ட்டோடு சேர்த்து ரெய்த்போன், கிரே சீர் என்று இரண்டு ஸ்ப்ரே வந்தன. முன்னது தந்த நிறம், பின்னது குளிர்ந்த வெளிர் சாம்பல். தோல், எலும்பு, பழுப்பு, சிவப்பு, மஞ்சளுக்கு ரெய்த்போன். நீலம், ஊதா, கருப்புக்கு கிரே சீர். இதே கம்பெனி பிரைமர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வழவழப்பாக, லேசான மினுமினுப்போடு காய்கிற எந்த வெளிர் பிரைமரும் போதும். சுண்ணாம்பு மாதிரி பளபளப்பே இல்லாமல் காய்வது மட்டும் ஆகாது. சாயத்தை ஓட விடாமல் பட்ட இடத்திலேயே குடித்துவிடும்.

ஸ்ப்ரே கேனை முழுசாக இரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம், பொம்மைக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியும் குறுகிய வீச்சுகள். தூரம் கூடினாலோ, வெயில் கொளுத்தினாலோ, காற்றில் ஈரம் அதிகம் இருந்தாலோ துளிகள் சரியாகப் படியாமல் மணல் தெளித்தது போல ஆகும். மற்ற முறைகளில் இந்த மணலை மன்னித்துவிடலாம். கான்ட்ராஸ்ட்டில் ஒவ்வொரு மணலைச் சுற்றியும் ஒரு கருவளையம் விழும், அதன்பின் பிரைமரைக் கரைத்துக் கழுவி முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழி இல்லை. எனவே ஒரு பழைய துண்டுப் பிளாஸ்டிக்கில் அடித்துப் பார்த்துவிட்டுப் படையில் கை வையுங்கள்.

பூசும்போது பலரும் செய்யும் முதல் தப்பு தண்ணீர். கெட்டியாக இருக்கிறதே என்று சொட்டுத் தண்ணீர் கலந்தால் ஊடகம் பலவீனமாகி, நிறமி ஈரத்தின் ஓரத்துக்கு ஓடி, காய்ந்ததும் வட்டவட்டமாகக் கறை நிற்கும். நீர்க்க வைக்க வேண்டுமானால் கான்ட்ராஸ்ட் மீடியம்தான். துணிக்கு ஒன்றுக்கு ஒன்று, பிளாக் டெம்ப்ளர் மாதிரி முரட்டு நிறத்தைச் சாம்பலாக இறக்க ஒன்றுக்கு மூன்று மீடியம் என்று ஆரம்பிக்கலாம். இன்னொன்று, நிறமி டப்பா அடியில் சகதியாக உட்காரும். துருப்பிடிக்காத ஸ்டீல் குண்டு ஒன்றைப் போட்டு ஒரு நிமிஷம் குலுக்கினால்தான் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே நிறமாக இருக்கும்.

பிரஷ் பெரிதாக இருக்கட்டும். இரண்டாம் நம்பர் வட்டப் பிரஷ், நிறையச் சாயம். ஒரு பகுதியை எடுத்தால் அதன் இயற்கையான எல்லை வரை ஈரம் காயாமல் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்: முழங்காலிலிருந்து பாதம், பெல்ட்டிலிருந்து அங்கியின் விளிம்பு. பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். அரை நிமிஷம் கழித்து ஒரு குறை கண்ணில் பட்டாலும் கை வைக்காதீர்கள். அதற்குள் மேல்படலம் பிடிக்கத் தொடங்கியிருக்கும். பிரஷ் பட்டால் கிழிந்து அடிவரை வெள்ளை தெரியும். முழுக்கக் காய அரை மணி நேரம் விட்டு, ரெய்த்போன் டப்பா பெயிண்ட்டால் அந்த இடத்தை மெல்ல இரண்டு தரம் மூடி, மறுபடி பூசுவதே சுருக்கமான வழி. சாயம் எல்லை தாண்டிப் பக்கத்துப் பகுதியில் பட்டாலும் இதே வைத்தியம்தான். வெளிர் நிறங்களை முதலில், கருத்தவற்றைக் கடைசியில் என்று போனால் இந்த ஒட்டுப்போடும் வேலை பாதியாகக் குறையும்.

நிறங்கள் எல்லாம் ஒரே தரம் இல்லை. ஸ்கெலிடன் ஹோர்ட் எலும்பு, பழைய காகிதம், டைரனிட் தோல் மூன்றுக்கும் அருமை. ஸ்னேக்பைட் லெதர், கோர்-கிரண்டா ஃபர் இரண்டும் தோல் பைக்கும் பெல்ட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கில்லிமன் ஃப்ளெஷ் முகத்துக்கு நல்லது, ஆனால் கண் குழியில் தேங்கிச் செம்பழுப்பாகிவிடும். மீடியத்தில் பாதியாக்கினால் மனித முகமாக இருக்கும். கருத்த மேனிக்கு அதைவிட வைல்ட்வுட், மீடியத்தோடு சேர்த்து, இயல்பாக விழும். ஐயாண்டன் யெல்லோ பள்ளத்தில் ஆரஞ்சாகச் சிவக்கும், பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். பிளாக் டெம்ப்ளர் துப்பாக்கிக்கு நல்ல தேர்வு. ஆனால் ஒரே பூச்சில் விளிம்பெல்லாம் சாம்பலாக வெளுக்கும். கருப்பே வேண்டுமென்றால் 2022-இல் வந்த பிளாக் லீஜியன் இன்னும் அடர்த்தி. அப்பாதெகரி ஒயிட் பெயரில்தான் வெள்ளை, உண்மையில் அது வெள்ளைக்கான நிழல். மேட்டில் சுத்த வெள்ளையை டிரை பிரஷ் செய்தால்தான், அதாவது பெரும்பாலும் துடைத்த பிரஷால் லேசாகத் தேய்த்தால்தான், வெள்ளையாகத் தெரியும்.

உலோகத்தின் மேல் பூசிப் பார்க்காதவர்கள் ஒரு தரம் பார்க்க வேண்டும். வெள்ளி பேஸ் மேல் ப்ளட் ஏஞ்சல்ஸ் ரெட் போட்டால் மிட்டாய்க் காகிதம் மாதிரி மின்னும் சிவப்பு உலோகம் கிடைக்கும். லென்ஸ், பிளாஸ்மா துப்பாக்கியின் சுருள், விளிம்புப் பட்டை ஆகியவற்றுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இப்போது பரவலாக இருக்கும் ஸ்லாப்சாப் முறை, அதாவது கருப்பு பிரைமர் மேல் சாம்பலையும் பிறகு வெள்ளையையும் டிரை பிரஷ் செய்து அதன்மேல் கான்ட்ராஸ்ட் பூசுவது, நிழலை ஆழமாக்கும், பள்ளத்துக்குள் பிரஷ் போகாவிட்டாலும் காட்டிக்கொடுக்காது. கூட்டமாகப் படை பூச நல்லது. விலையும் உண்டு: நிறம் ஒரு படி மங்கும், மஞ்சள் கருப்பின் மேல் பச்சையாகத் திரியும். மஞ்சள் படைக்காரர்கள் ரெய்த்போனை விட்டு நகர வேண்டாம்.

டப்பாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சாயம் இப்படி வழிந்தோடும் பெயிண்ட்டுக்கு, தட்டினால் கவிழும் அந்த மூடி டப்பாவை யார் தேர்ந்தெடுத்தார்களோ. மூடி விளிம்பில் காய்ந்த பிசிறு சேர்ந்து, மூடினதாக நினைத்த டப்பா மூடாமல் கிடந்து மேலே தோல் கட்டும். ஒவ்வொரு தரமும் விளிம்பைத் துடையுங்கள், அல்லது வாங்கிய அன்றே சொட்டுக் குப்பிக்கு மாற்றுங்கள். பேஸ் பெயிண்ட்டை அப்படி மாற்றுவது பாடு. இது தானாக ஓடுவதால் வேலை சுலபம். 17 மில்லி குப்பி என்றால் கடைசிச் சொட்டு டப்பாவிலேயே நிற்கும், அவ்வளவுதான்.

போட்டிக்கு ஆர்மி பெயின்ட்டரின் ஸ்பீட்பெயிண்ட், வல்லெஹோவின் எக்ஸ்பிரஸ் கலர் இரண்டும் 2022-இல் வந்தன. இரண்டும் சொட்டுக் குப்பி, அந்த ஒரு விஷயத்திலேயே முன்னால் நிற்கின்றன. ஸ்பீட்பெயிண்ட்டின் முதல் பதிப்பில், காய்ந்த பூச்சின் மேல் ஈரமான பெயிண்ட் பட்டால் அடிநிறம் மறுபடி கரைந்து மேலே கசியும் சிக்கல் இருந்தது. 2023-இல் வந்த 2.0 பதிப்பு அதைச் சரி செய்தது. பழைய இருப்பு எங்காவது மலிவாகக் கிடைத்தால் குப்பியில் 2.0 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எக்ஸ்பிரஸ் கலர் மெதுவாகக் காயும், பளபளப்பு குறைவு. பெரிய பரப்பில் திருத்த இன்னும் சில விநாடி கிடைப்பதால் கவசப் படைக்காரர்கள் அதையும் முயன்று பார்க்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர் முழு செட்டை வாங்க வேண்டாம். படையின் பிரதான நிறம் ஒன்று, ஸ்கெலிடன் ஹோர்ட், ஸ்னேக்பைட் லெதர், பிளாக் டெம்ப்ளர், மனித முகம் இருந்தால் கில்லிமன் ஃப்ளெஷ், கூட ஒரு மீடியம். துப்பாக்கி உலோகத்துக்கு ஒரு வெள்ளி பேஸ். ஒரு அணி முழுவதையும் இதிலேயே முடிக்கலாம்.

வார்னிஷை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கான்ட்ராஸ்ட் படலம் மேட்டில் மிக மெல்லியது; விளையாடும்போது விரல் படும் தலையுச்சியும் துப்பாக்கி முனையும் சில ஆட்டத்திலேயே தேய்ந்து பிரைமர் எட்டிப்பார்க்கும். டீக்கால் (சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டுவதாக இருந்தால் முதலில் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ், அதன்மேல் டீக்கால், கடைசியில் பளபளப்பே இல்லாத மேட் அல்லது லேசாக மினுக்கும் சாட்டின் வார்னிஷ். முழு மேட் நிறத்தின் ஆழத்தைக் கொஞ்சம் தின்னும். டைரனிட் ஓட்டுக்குச் சாட்டினே பொருத்தம். ஸ்ப்ரே வார்னிஷ் என்றால் காற்றில் ஈரம் குறைந்த நாளாகப் பார்த்து அடியுங்கள். இல்லாவிட்டால் பூத்த வெண்மூட்டம் படையை மொத்தமாக மூடும்.