ரொறன்ரோ நடைச்சுற்றுலா: 178 டொலர் போச்சு, கவனம்

நேற்று, திங்கட்கிழமை நடந்தது. ரொறன்ரோ டவுன்டவுனை ஒரே நாளில் நடத்திக் காட்டுகிறோம், சிஎன் கோபுர ரிக்கற்றும் தீவுக்குப் போகிற ஃபெரியும் சேர்த்து ஆளுக்கு 99 டொலர் என்று ஒரு சுற்றுலாப் பதிவுத் தளத்தில் விளம்பரம். இரண்டு பேருக்கு 198. தளத்துக்குள் கட்டாமல் வங்கிக் கணக்கிலிருந்து நேரே ஈ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்பினால் 20 டொலர் குறைப்பார்களாம். தயங்கியதும் ஒரு குரல்பதிவு வந்தது: "அண்ணை, நாங்களும் தமிழ் ஆக்கள்தான், பயப்பிடாதேங்கோ." அதை நம்பித்தான் 178 டொலரும் போனது.

யூனியன் ஸ்டேஷன், ஃப்ரன்ட் ஸ்ட்ரீட் வாசல், காலை 9:30 என்றார்கள். வழிகாட்டி வந்தது 10:15. முதலில் கூட்டிப்போனது செயின்ட் லாரன்ஸ் சந்தைக்கு. திங்கட்கிழமை சந்தை பூட்டு! சுற்றுலா நடத்துகிறவனுக்கு இது தெரியாதா? பிறகு 1892 இல் கட்டிய கூடர்ஹாம் கட்டடத்தின் முன் ஒரு படம், அங்கிருந்து கால்மணி நேரம் நடந்து, பழைய மதுபான ஆலை வளாகமான டிஸ்டிலரி டிஸ்ட்ரிக்ட். எல்லாம் காசில்லாமல் யாரும் பார்க்கக்கூடிய இடங்கள். 12:30க்கு "ரிக்கற் மெயிலில் வரும்" என்று சொல்லிவிட்டு ஆள் போய்விட்டான்.

மெயிலில் வந்த பார்கோட் கோபுர வாசலில் ஸ்கான் ஆகவில்லை. உற்றுப் பார்த்தால் கோடுகளின் ஓரமெல்லாம் மங்கல், எங்கேயோ படம்பிடித்து ஒட்டியது. இரண்டு ரிக்கற்றிலும் ஒரே எண். உண்மையான ரிக்கற்றில் உள்ளே போகும் நேரம் இருக்கும். இதில் தேதி மட்டும்.

சுற்றுலாக்காரருக்குப் போன் எடுத்தால், "எங்கட பக்கம் பிழையில்லை, டவர்காரரைக் கேளுங்கோ." அடுத்து, "மனேஜரிட்டைச் சொல்லுறன்." அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. தளத்தில் கேட்டால், காசு எங்கள் வழியாக வரவில்லை என்று கையை விரித்தார்கள். வங்கியோ, ஏற்றுக்கொண்ட ஈ-ட்ரான்ஸ்ஃபரைத் திருப்ப முடியாது என்றது. 178 டொலர்!

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. இவற்றையாவது கவனியுங்கள். தளத்துக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியில் முறையிட வழியுண்டு. கோபுர ரிக்கற்றைக் கோபுரத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். ஃபெரிக்கு பே ஸ்ட்ரீட் முடிகிற இடத்தில் துறை இருக்கிறது, ஒரு ரிக்கற்றே போகவும் வரவும் போதும். திங்களில் சந்தை காட்டுகிறோம் என்று எவனாவது சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

அந்த விளம்பரம் இன்று காலையும் அப்படியே கிடக்கிறது, ஆளுக்கு 99 டொலர் என்று.