தருமபுரியில் அம்மாவுக்கு போன் வாங்கின கதை

டல்லாஸிலிருந்து கிளம்பும்போதே தெரியும், என் போனில் ஊர் சிம் கார்டைப் போட முடியாது என்று. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-வது மாடலிலிருந்து சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "சிம் எங்கண்ணா போடறது?" என்றான். சரி, என் பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பாலக்கோடு பக்கம் தனியாக இருக்கும் அம்மாவுக்கு முதலில் வாங்குவோம் என்று உட்கார்ந்தேன்.

கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று அவன் ஆரம்பிக்க, நான் கேட்டது இரண்டே விஷயம். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் வரும், 2ஜியை அணைக்க முடியுமா. இரண்டாவது கேள்விக்குச் சிரித்தான், யாரும் 5ஜி வருமா என்றுதானே கேட்பார்கள். 2ஜியில் டவர்தான் போனைச் சரிபார்க்கும், போன் டவரைச் சரிபார்க்காது, அதனால் போலி டவர் வைத்தவனிடமும் போய் ஒட்டிக்கொள்ளும். பேச்சை யாரும் ஒட்டுக்கேட்காமல் காக்கும் அதன் பூட்டும் எப்போதோ உடைந்த பூட்டு. 3ஜியிலிருந்துதான் இரண்டு பக்கமும் சரிபார்ப்பு வந்தது. ஆண்ட்ராய்டு 12 முதல் 2ஜியை அணைக்க ஒரு பொத்தான் உண்டு, ஆனால் எல்லா போனிலும் இல்லை. டெமோ போன்களில் செட்டிங்ஸைத் திறந்து பார்த்து, நான்காவதில் கிடைத்தது. அணைத்தாலும் அவசர அழைப்பு 2ஜியில் போகும்.

ஜியோவில் 2ஜியே இல்லை, அதையே எடுத்திருப்பேன். ஆனால் அம்மா வீட்டு அடுப்படி வரை எட்டுவது வேறொரு கம்பெனி சிக்னல்தான், அதில் 2ஜி இன்னும் ஓடுகிறது. எந்த ஜி போட்டாலும் நாம் எந்த டவருக்குக் கீழே இருக்கிறோம் என்பது கம்பெனிக்குத் தெரியும், அதற்கு மருந்தில்லை.

இவ்வளவு யோசித்தவனுக்கு அடி விழுந்தது சிம் வாங்கும்போது. ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள். 2024 ஜனவரி 1 முதல் காகித கேஒய்சியே, அதாவது காகிதத்தில் ஆள் அடையாளம் சரிபார்ப்பதே, கிடையாது, எல்லாம் கம்பெனி ஆப்பில்தான் என்றேன். சரி என்று ஆப்பில் அம்மாவையும் ஆதாரையும் படம் எடுத்தவன், "பேக்கப்புக்கு" என்று தன் சொந்த போனிலும் ஒன்று எடுத்தான்! அழிக்கச் சொன்னேன். கேலரியைத் திறந்தால் அம்மா ஆதாருக்குப் பக்கத்தில் வரிசையாக யார் யாருடைய ஆதாரோ, நடுவில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக். கோபமெல்லாம் படவில்லை, "எல்லாரும் இப்படித்தாண்ணா" என்று குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்துக் காட்டினான். மற்றவர்களுடையது அங்கேயே இருந்தது.

அம்மா ஆதாரை வைத்து வேறு யாராவது சிம் வாங்கியிருப்பார்களோ என்ற பயத்தில் ராத்திரி அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தில், அம்மா பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்த்தேன். எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால் போதும். தெரியாத எண் ஒன்று இருந்தது. 'என் எண் அல்ல' என்பதை அழுத்தப் போனேன்.

"இரு கண்ணு, அது உங்கப்பா என் பேர்ல வாங்கின சிம்மு. மாடு பாக்கற பையங்கிட்ட இருக்குது."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் புது போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார்.