வெஸ்டாவா, சீரிஸா?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் சிறுகோள் பட்டையில் இருக்கிற பெரிய பாறைக்கோளங்கள் இவை. முட்டம் கடற்கரைப் பாறையில் பைனாகுலரோடு உட்காருகிறவர் இவற்றில் எதைத் தேடலாம்? என் ஓட்டு வெஸ்டாவுக்குத்தான். சீரிஸ் சுமார் 940 கிலோமீட்டர் அகலம், வெஸ்டா 525தான். ஆனாலும் வெஸ்டாதான் பளிச்சென்று தெரியும். சீரிஸின் மேற்பரப்பு கறுப்பு. விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பும். வெஸ்டா நாற்பது சதவீதம் திருப்பும், சூரியனுக்கும் கொஞ்சம் கிட்ட. சுற்றிவர 3.6 ஆண்டு, சீரிஸுக்கு 4.6. பூமியை நெருங்கும் சமயம் நல்ல இருட்டில் வெஸ்டா வெறுங்கண்ணுக்கே தட்டுப்படும். கலங்கரை விளக்க வெளிச்சம் கண்ணில் அடிக்காத பக்கமாக உட்காருங்கள்.

சரி, சீரிஸ் சும்மாவா? 2015-ல் போய்ச் சேர்ந்த டான் விண்கலம் அங்கே ஆக்கேட்டர் பள்ளத்தில் புத்தளம் உப்பளம் மாதிரி வெள்ளைத் திட்டுகளைப் படமெடுத்தது. சாப்பாட்டு உப்பல்ல, பெரும்பாலும் சோடியம் கார்பனேட். அதைப் பார்க்க விண்கலம்தான் வேண்டும். பைனாகுலரில் சீரிஸ் வெறும் புள்ளி.