ஆட்டுக்கொட்டிலுக்குக் காவல் நாய்: சில வருட அனுபவம்

கொழும்பில் ஆடு வளர்ப்பவர்கள் அதிகம் அஞ்ச வேண்டியது கட்டாக்காலி நாய்களுக்குத்தான். பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலத்தை ஒட்டியிருக்கிறது எங்கள் வளவு. பகலில் கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு வரும், இரவில் மீன்பிடிப் பூனை வரும். பூனை ஒரு கோழியோடு போய்விடும். நாய்க்கூட்டம் அப்படியில்லை, பசி இல்லாவிட்டாலும் ஓடுகிற ஆட்டையெல்லாம் கடித்துக் குதறிப் போட்டுவிட்டுப் போகும். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டியிருந்தது.

காவல் நாய் என்றதும் பலர் வெளிநாட்டு இனம் தேடுகிறார்கள். கிரேட் பிரெனீஸ் போன்ற அடர்ந்த மயிருள்ள மலைநாட்டு நாயைக் கொழும்பின் புழுக்கத்தில் வாட்டுவது பாவம். இனத்தைவிட வளர்ப்புமுறையே பெரிது. அமெரிக்காவின் நவஹோ மக்கள் சாதாரணக் கலப்பின நாய்களைக் கொண்டே மந்தை காத்து வந்திருக்கிறார்கள். எங்கள் கறுப்பியும் ஊர்நாய்தான்.

8 வாரக் குட்டியாக அதைக் கொண்டுவந்து நேரே கொட்டிலில் விட்டோம். பிறந்து 3 முதல் 12 வாரம் வரை யாரோடு பழகுகிறதோ அவர்களோடுதான் நாய்க்குட்டி ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் வைத்துக் கொஞ்சினால் அது வீட்டு நாயாகிவிடும். சோறும் மீன்தலையும் கொட்டிலுக்குள்ளேயே கொடுத்தோம். ஆடு முட்ட வந்தால் ஒதுங்கிக்கொள்ள மூலையில் ஒரு பலகைத் தடுப்பு வைத்தோம். ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை நம் பொறுமையைச் சோதிக்கும். ஆட்டுக்குட்டிகளின் காதைக் கவ்வும், துரத்தி விளையாடும். அந்தக் காலத்தில் வளர்ந்த மறி ஆடுகளோடு மட்டும் விட வேண்டும். ஒரு முட்டு வாங்கினால் நம் அதட்டலைவிட நன்றாகப் புரிந்துகொள்ளும். இரண்டு வயதுக்குப் பிறகுதான் கறுப்பியை முழுமையாக நம்பினேன்.

கறுப்பி எதையும் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. வேலியில் தகரம் இற்றுப்போன இடத்தில் உடலைக் குறுக்காக நிறுத்தி, வாலை உயர்த்தி, கனத்த குரலில் விட்டுவிட்டுக் குரைக்கும். ஆடுகள் அதன் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிவிடும். வெளியே நிற்கும் கூட்டம் சற்று உறுமிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஆடு ஈனும் இரவில் கொட்டில் வாசலை விட்டு அசையாது. இளங்கொடி விழுந்ததும் தின்றுவிடுவதால், இரத்த வாடைக்கு வேறு விலங்குகள் வருவதற்கும் இடமில்லை.

ஒரு உயிரையும் கொல்லாமல் இன்னொரு உயிரைக் காப்பதுதான் இதில் என் மனதுக்குப் பிடித்தது. மீன்பிடிப் பூனை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரில் அந்தப் பூனைக்குப் பொறியும் நஞ்சும் வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நமீபியாவில் 1994 முதல் விவசாயிகளுக்குக் காவல் நாய்கள் கொடுத்துவருவதும் இதே நோக்கத்தில்தான். ஆடு பிழைத்தால் சிவிங்கிப்புலியைச் சுட வேண்டிய தேவை வராது.

கீரிக்கும் காகத்துக்கும் நாய் உதவாது. கோழிக்குஞ்சுகளுக்குச் சிறுகண் வலை அடித்தே ஆக வேண்டும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை வருடந்தோறும் போட வேண்டும். பூச்சி மருந்தும் தவறக்கூடாது. நாயின் குடலில் உள்ள நாடாப்புழு ஆட்டுக்கும் கேடு செய்யும். பெட்டை நாயென்றால் மிருக வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கூட்டத்தைத் தடுக்க நினைத்தோமோ அதுவே பருவகாலத்தில் வாசலுக்கு வந்து நிற்கும்.

இரவுக் குரைப்பை நிறுத்த வழியில்லை, அதுதான் அதன் வேலை. ஆகவே சுவரோடு சுவர் ஒட்டிய நெருக்கமான காணிகளில் ஆடு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர்களுக்கு நல்ல இரும்பு வலையும், பொழுதுபட்டதும் பூட்டிவிடக்கூடிய கொட்டிலும் போதும்.