கொத்தனார் அப்பாவோடு சார்லட்ஸ்வில்லில் இரண்டு நாள்

அப்பா நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். எங்களோடு மூன்று மாதம் தங்க வந்தவரை எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டால் நயாகரா, நியூயார்க் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் வர்ஜீனியாவில், ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் இருக்கும் சார்லட்ஸ்வில்லுக்குக் கூட்டிப்போனேன். வாஷிங்டன் பக்கத்திலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். பல்கலைக்கழகம் முழுக்கச் செங்கல், கடைத்தெருவில் தரைகூடச் செங்கல். அவருக்கு அது போதும் என்று தெரியும்.

தங்கின இடத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லித் தரைத்தளத்தில் அறை கேட்டிருந்தேன். போய் இறங்கினால் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பல்கலைக்கழகத்தில் அந்த வாரம் ஃபுட்பால் ஆட்டம், ஊரில் வேறு அறையே இல்லை. அக்டோபரில் இலை நிறம் மாறும் சமயத்தில் போகிறவர்கள் ஆட்டம் நடக்கும் தேதிகளைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள். கேட்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை பல்கலைக்கழகம். சுற்றிப் பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை. 1819இல், அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் நிறுவியது. நடுவில் நீளமான புல்வெளி, இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து மாளிகைகள், அவற்றுக்கு நடுவே 54 சின்ன அறைகள். இன்றைக்கும் மாணவர்கள் அவற்றில் தங்குகிறார்கள். வாசலில் விறகு அடுக்கி, ஆடும் நாற்காலி போட்டிருக்கிறார்கள். குளியலறை அறைக்குள்ளே கிடையாது, வெளியே வந்து நடந்துதான் போக வேண்டும். புல்வெளியின் தலைமாட்டில் ரோட்டண்டா. ரோமாபுரியின் பழைய கோயிலான பாந்தியனைப் பாதி அளவில் எடுத்துக் கட்டிய வட்டக் கட்டடம். 1895இல் தீப்பிடித்து, சுவர் மட்டும்தான் மிஞ்சியது என்று படித்துச் சொன்னேன். "செங்கல் சூளையிலேயே வெந்து வந்ததுதானேம்மா, அதுக்கென்ன பயம்? கூரைதான் போயிருக்கும்" என்றார் அப்பா.

ஆனால் அவர் நின்ற இடம் ரோட்டண்டா இல்லை. மாளிகைகளுக்குப் பின்னால் தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பாம்பு போல வளைந்து வளைந்து போகும் மதில்கள். அப்பா ஒரு முனையில் நின்று மேலிருந்து தடிமனைப் பார்த்தார். கையை விரித்து அளந்தார். "இது நாலரை இஞ்ச் சுவர்தான்!" என்றார். ஒற்றைச் செங்கல் அகலத்தில் நீளமாக மதில் எடுத்தால் காற்றில் சாய்ந்துவிடும். நாம் பத்தடிக்கு ஒரு தூண் கொடுப்போம், அல்லது ஒன்பது இஞ்சாகப் போடுவோம். இங்கே வளைவே தூண் வேலையைச் செய்கிறது. வளைத்தால் நீளம் கூடும்தான், ஆனாலும் ஒன்பது இஞ்ச் நேர்ச்சுவரைவிடக் கல் குறைவாகத்தான் பிடிக்கும். இதை எனக்கு விளக்கிக்கொண்டே மதில் முழுக்க நடந்தார். முழங்கால் வலி என்ற பேச்சே இல்லை. வளைவில் தூக்குக்குண்டு பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று மட்டும் அரைமணி நேரம் பேசியிருப்பார்.

அப்புறம் கேட்டார்: "கட்டின ஆளுங்க யாரு?"

அந்தக் கேள்விக்கு ஊரே பதில் வைத்திருக்கிறது. ரோட்டண்டாவுக்குக் கிழக்கே, சில நிமிட நடையில், அடிமைப்பட்ட தொழிலாளர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. 2020இல் கட்டி முடித்தார்கள். கருங்கல் வளையம், விட்டம் 80 அடி, ரோட்டண்டாவின் விட்டத்துக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தைக் கட்டியதிலும் அதை நடத்தியதிலும் உழைத்த அடிமைகள் சுமார் 4,000 பேர். உள்சுவரில் ஆளுக்கொரு கோடு வெட்டியிருக்கிறார்கள். பெயர் தெரிந்தவர்களுக்கு மேலே பெயர் இருக்கிறது. சிலருக்குப் பெயர் தெரியாது, செய்த தொழிலோ உறவுமுறையோ மட்டும் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு வெறும் கோடு. வெளிச்சுவரில் இசபெல்லா கிப்பன்ஸ் என்ற பெண்ணின் கண்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இங்கே அடிமையாகச் சமையல் வேலை செய்து, விடுதலைக்குப் பிறகு ஆசிரியை ஆனவர். வெயில் ஒரு பக்கமாக விழும்போதுதான் அந்தக் கண்கள் தெரிகின்றன. நாங்கள் போன நேரம் தெரியவில்லை, சாயங்காலம் மறுபடி வந்து பார்த்தோம்.

அப்பா வெறும் கோடுகளாக இருந்த பகுதியில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே நடந்தார். தான் கட்டிய எந்த வீட்டிலும் தன் பெயர் இல்லை என்று அவர் ஒருநாளும் குறைப்பட்டது கிடையாது. அன்றைக்கும் சொல்லவில்லை. "எனக்குக் கூலி கொடுத்தாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

நான் சொல்லும் யோசனை இதுதான்: நினைவிடத்தை முதலில் பாருங்கள், பிறகு புல்வெளிக்குப் போங்கள். இன்று பூச்செடி வைத்திருக்கும் அந்த மதில்களுக்குள்தான் அன்று அவர்கள் துவைத்தார்கள், சமைத்தார்கள், விறகு பிளந்தார்கள். இப்போது நிற்கும் மதில்கள் பிற்காலத்தில் திரும்பக் கட்டியவை என்றாலும், இடம் அதே இடம்.

சாயங்காலம் டவுன்டவுன் மால். 1976இல் லாரன்ஸ் ஹால்ப்ரின் வடிவமைத்த கடைத்தெரு, கார் வராது, தரையெல்லாம் செங்கல், தலைக்கு மேல் ஓக் மரங்கள். உட்கார்ந்து காபி குடிக்க நன்றாக இருக்கிறது. கடைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மான்டிசெல்லோ, ஜெஃபர்சனின் குன்று வீடு. ஐந்து சென்ட் நாணயத்தின் பின்பக்கம் இருக்கும் அதே வீடு. நாணயத்தை அப்பா கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சீட்டு மலிவில்லை, மாடிப்படி மிகக் குறுகல், முழங்கால் வலிக்காரர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டைவிட எனக்கு மல்பெரி ரோ என்ற பட்டறை வரிசைதான் மனதில் நிற்கிறது. அங்கே பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரையான அடிமைச் சிறுவர்கள் ஆணி அடித்தார்கள். ஜெஃபர்சன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அதைப் பற்றித் தனியாக ஒரு சுற்று நடத்துகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

மலைக்கு வந்துவிட்டு ஸ்கைலைன் டிரைவ் போகாமலா என்று கேட்பீர்கள். 105 மைல் மலைச்சாலை, காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும், வேகம் மணிக்கு 35 மைல்தான். இலை சீசனில் ஞாயிறு மத்தியானம் கார் ஊர்ந்துதான் போனது. இரண்டு காட்சிமுனைகளோடு இறங்கிவிட்டோம்.

அதற்குப் பதிலாக, மலை இறக்கத்தில் ஆஃப்டனில் இருக்கும் ப்ளூ ரிட்ஜ் சுரங்கப்பாதைக்கு வையுங்கள் அந்த நேரத்தை. 1850 முதல் 1858 வரை, அயர்லாந்துக்காரர்களும் அடிமைகளும் குடைந்த 4,273 அடி ரயில் சுரங்கம். 2020இல்தான் நடந்துபோகத் திறந்துவிட்டார்கள். இரண்டு பக்கமிருந்தும் குடைந்துவந்து நடுவில் சந்தித்தபோது பிசகு ஓர் அங்குலத்துக்கும் குறைவு. கிழக்கு வாசல் பக்கம் பாதை சமதளம், அப்பாவால் நடக்க முடிந்தது. டார்ச் கட்டாயம் வேண்டும், கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். மேற்குப் பாதியில் பாறை உதிராமல் இருக்கச் செங்கல் வளைவு கட்டியிருக்கிறார்கள். அங்கே என் டார்ச்சையும் வாங்கிக்கொண்டு அப்பா மேலே அடித்துப் பார்த்தார். சாந்து எங்கெங்கே பெயர்ந்திருக்கிறது, எங்கே இன்னும் பிடித்து நிற்கிறது என்று ஒவ்வொரு இடமாகக் காட்டினார். பின்னால் வந்த ஒரு குடும்பம் நின்று கேட்டது. அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வெளியே வரும்போது இருட்டிவிட்டது.